வியாழனில் ஏறி இறங்கியவள்

நம்புகிறவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், நம்பாதவர்கள் நின்றுகொண்டே கேளுங்கள், கால் வலித்தால் நடுவில் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாட்டாஸ்பத்திரிக்கும் நூலகத்துக்கும் நடுவில், அறிவியல் கூடம் என்று ஒன்று இருக்கிறது. வாசலில் 'எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அதற்குக் கீழே 'சுவரைத் தொடாதீர்கள்' என்று யாரோ கரியால் எழுதியிருப்பார்கள். பிள்ளைகள் இரண்டையும் படிப்பதில்லை. பொத்தானைக் கண்டால் அமுக்குவார்கள், விளக்கு எரிவதற்குள் அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடுவார்கள், எரிந்த விளக்கை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பது பின்னால் வரும் தகப்பன்மார்தான். குழிந்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் தன்னைப் பார்த்து நாக்கை நீட்டுவார்கள், கைப்பிடி எதுவாக இருந்தாலும் அது கழன்று கையோடு வரும்வரை சுற்றுவார்கள், கழன்றதும் பக்கத்தில் நிற்கும் சிறுபிள்ளை கையில் அதைக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் போல நகர்ந்துவிடுவார்கள்.

கடைசி அறையில் எடை பார்க்கும் மேடைகள் வரிசையாக இருந்தன. நிலாவில் உங்கள் எடை என்ன, செவ்வாயில் என்ன, வியாழனில் என்ன, சனியில் என்ன, ஒப்பிட்டுப் பார்க்கப் பூமியில் என்ன என்று காட்டுகிற மேடைகள். சனியின் மேல் கூடம் திறந்த நாளிலிருந்து ஒருவரும் கால் வைத்ததில்லை, அதன் முள் புதுக்கருக்கு மாறாமல் பூஜ்யத்திலேயே நின்றது. செவ்வாயில் பெண்பிள்ளைகளை ஏறவிட மாட்டார்கள், நாளைக்கு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலையப்போவது கூடத்துக் காப்பாளரா என்ன. வியாழன் குரு என்பதால் அதில் செருப்போடு ஏறலாமா கூடாதா என்று ஒரு சந்தேகம் இருந்தது, சந்தேகத்தில் யாரும் ஏறவில்லை. ஆக மொத்தம் கூட்டமெல்லாம் நிலாவில்தான், இறங்கியதும் ஒப்பிட்டுப் பார்க்கப் பூமியில் ஒரு தடவை ஏறிவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கூடத்து எலக்ட்ரீஷியன் சங்கரலிங்கம் எல்லாப் பொருள்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். பொத்தான் பொத்தானாக, கைப்பிடி கைப்பிடியாகப் பொட்டு. சரஸ்வதி படத்தை வைக்க ஒரு மேடை வேண்டியிருந்தது, உயரமும் அகலமும் பூமி சரியாக இருந்தது, பூமியின் மேல் ஒரு சிவப்புத் துணியை விரித்துப் படத்தைச் சாத்தி மாலை போட்டுச் சூடம் காட்டினார். மறுநாள் அவரே மறுபூஜை செய்து படத்தை எடுத்து உள்ளே வைப்பதாக ஏற்பாடு. ஆனால் அன்று ராத்திரி அவர் மாமனார் தவறிவிட்டார், வீட்டில் தீட்டு, சாமி காரியத்தில் கை வைக்கக் கூடாது. அவர் வைத்த படத்தை வேறு ஆள் எடுப்பது முறையில்லை என்று படம் அங்கேயே இருந்தது. தீட்டுக் கழிந்து அவர் திரும்பி வந்தபோது படத்துக்கு முன்னால் ஒரு குத்துவிளக்கும் தினசரி பூவும் வந்துவிட்டிருந்தன, எடுக்கவா என்று கேட்டதற்கு ஆளாளுக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பூஜைக்கு மறுநாள், விஜயதசமி விடுமுறைக் கூட்டத்தில், மூன்றாம் வகுப்பு மணி நிலாவில் ஏறினான். முள் ஆடி நின்றது, இறங்கினான், ஆனால் முழுதாக இறங்கவில்லை. கால் தரையைத் தொட்டு மெதுவாக எழும்பி, மின்விசிறி உயரத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அரசமரத்து இலை மாதிரி ஆடி ஆடிக் கீழே வந்தான். அவன் அம்மா இசக்கியம்மாள் முதலில் சொன்னது இதுதான்:

"காலையில இட்லிய வச்சுட்டு ஓடாத ஓடாதன்னு சொன்னேன்லா. வயித்துல ஒண்ணும் இல்லாம காத்துல போறான் பாரு."

ஆஸ்பத்திரியில் பசி எடுக்க டானிக் எழுதிக் கொடுத்தார்கள். மணிக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டான், நிலா எடையிலேயே சாப்பிட்டான். அவனுக்குப் பிறகு நிலாவில் ஏறியவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆனார்கள். காப்பாளர் ஞானதிரவியம் விஷயத்தை முதல் நாளே சொல்லிவிட்டார், "பூமியில ஏத்தி இறக்கினா சரியாப் போயிரும்" என்று. சரஸ்வதி உட்கார்ந்த இடத்தில் காலை வைக்கவா என்று கேட்டார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவர், "நான் படத்த எடுத்தா அது வேற பேச்சாயிரும்" என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாமி அசையாது, பையன்கள்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது.

பழகிக்கொள்வதில் எங்கள் ஊரை அடிக்க ஆள் கிடையாது. எல்லாப் பாடப் புத்தகத்தையும் தினமும் பையில் கொண்டுவர வேண்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு போட்டார், புத்தகப் பையின் கனத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு பெற்றோரும் குறை சொல்லவில்லை. தையல்காரர்கள் மீன்வலை ஈயக்குண்டுகளை வாங்கிக் கால்சட்டை மடிப்பில் வைத்துத் தைத்தார்கள். முடிவெட்டுகிற கடையில் ஒருவர் வெட்ட ஒருவர் காதைப் பிடித்துக்கொண்டார். தேங்காய் பறிக்க ஆள் தேடி அலைந்த காலம் போய், தேங்காய் போதும், கீழே இறங்கு என்று கெஞ்சுகிற காலம் வந்தது. கிரிக்கெட்டில் வேப்பமரத்துக்கு மேலே பிடித்த கேட்ச் செல்லாது என்று விதி வந்தது, வேப்பமரத்து உச்சி எது என்பதில் அடிதடி வந்தது. டவுன் பஸ்ஸில் உள்கூரையில் ஒட்டிக்கொண்டு வந்தவனிடம் கண்டக்டர் டிக்கெட் கேட்க, "சீட்லயும் உக்காரல, தரையிலயும் நிக்கல, எதுக்கு டிக்கெட்டு" என்று அவன் கேட்டது இன்னும் பதில் இல்லாமல்தான் இருக்கிறது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு போனவர்களை மொட்டைமாடிகளிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். பெரியவர்களில் யாரும் நிலாவில் ஏறவில்லை, மூட்டுவலிக்கு நல்லது என்று தெரிந்தும், காற்றில் வேட்டி தூக்கிக்கொண்டால் என்ன செய்வது என்ற ஒரே பயம்.

கவுன்சிலர் சிதம்பரக்கனி மட்டும் குருப்பெயர்ச்சி தனக்குச் சாதகம் என்று ஜோசியர் சொன்னதை நம்பி வியாழனில் ஏறி இறங்கினார். அன்றிலிருந்து அவரைக் காய்கறித் தள்ளுவண்டியில் வைத்துத்தான் நகர்மன்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. "இந்த வார்டுல என்னய அசைக்க ஆள் இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வண்டியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

இனிமேல்தான் கோமதி வருகிறாள். மணியின் அக்கா, ஐந்தாம் வகுப்பு. விஜயதசமி அன்றைக்கு நிலா மேடையில் மணிக்கு முன்னால் வரிசையில் நின்றவள் அவள்தான், "தம்பி ஏறட்டும், நீ அப்புறம்" என்று இசக்கியம்மாள் தோளைப் பிடித்து நகர்த்தினாள். தம்பி ஏறினான், பறந்தான், அப்புறம் என்பது வரவேயில்லை. இரண்டும் பறந்தால் யார் பிடிப்பது. மணியின் இடுப்பில் ஒரு கொடிக்கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கோமதியின் கையில் கொடுத்தார்கள். அதைப் பார்த்து ஊரில் எல்லா வீட்டிலும் அப்படியே செய்தார்கள். தம்பி பறந்தான், அக்கா பிடித்தாள். அக்கா இல்லாத வீட்டில் தங்கை பிடித்தாள். இரண்டும் இல்லாத வீட்டுக்காரர்கள் சித்தப்பா மகளை, மாமன் மகளை, எதிர்வீட்டுப் பெண்ணைக் கேட்டு வாங்கிவந்தார்கள். சாயங்காலம் தெருவில் பார்த்தால் மேலே பையன்கள் பட்டம் மாதிரி கத்திக்கொண்டு போவார்கள், கீழே பெண்பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்து போவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மணி கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்பான், கோமதியும் கூடப் போக வேண்டும். கூடத்தில் அவளுக்கு ஒரே ஒரு பொருள்மேல்தான் கண். சுழலும் நாற்காலி ஒன்று, பக்கத்தில் இரண்டு பக்கமும் பிடி வைத்த சைக்கிள் சக்கரம் ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றுகிற சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒருபக்கம் சாய்த்தால், யாரும் தொடாமலே நாற்காலி திரும்பும். இரண்டு கையும் வேண்டும். கோமதிக்கு ஒரு கைதான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து வசுமதி வந்தாள். பிள்ளைகள் எந்தப் பொருளை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. எதில் பிள்ளைகள் நின்று விளையாடுகிறார்களோ அது தங்கும், எதில் நிற்கவில்லையோ அதை லாரியில் ஏற்றிவிட்டுத் தொடுதிரைப் பெட்டிகளை வைத்துவிடுவார்கள். தூணுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தலைக்கு மேலே பையன்கள் மிதப்பதைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை, மின்விசிறியை மட்டும் அணைக்கச் சொன்னாள். பார்க்க வந்தவர்கள் எதிலும் தலையிடக் கூடாது, வழிகாட்டக் கூடாது, பிள்ளை விழுந்தால்கூட முதலில் அம்மா வருகிறாளா என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தொழில் முறை.

நாற்காலியில் பையன்கள் ஏறினார்கள், சக்கரத்தைத் தட்டினார்கள், 'ஊ' என்று கத்தினார்கள், ஒரு தடவை சாய்த்ததும் இறங்கி ஓடினார்கள். ஒருவனும் தங்கவில்லை. தங்கியது அந்தப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோமதி மட்டும்தான், ஆனால் அவள் தொடவில்லை.

"நீ ஏன் ஏறல?" என்று வசுமதி கேட்டாள். கேட்பதில் தவறில்லை, கேள்வி கேட்பது தொழிலில் சேர்த்தி.

கோமதி கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினாள். கயிற்றின் மறுமுனையில் மணி உத்தரத்திலிருந்த ஒட்டடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"சக்கரத்த இடது பக்கம் சாய்ச்சா நாற்காலி ஒரு பக்கம் திரும்பும்க்கா, வலது பக்கம் சாய்ச்சா மறுபக்கம் திரும்பும். நேரா நிறுத்துனா என்ன ஆகும்னு தெரியல. இவனுவ யாருமே நிறுத்திப் பார்க்க மாட்டேங்கானுவ."

"இந்த வாரத்தோட அதை எடுத்துடுவாங்க. யாரும் அதுல உட்கார்றதில்லையே."

கோமதி கயிற்றை வசுமதி பக்கம் நீட்டினாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பிடிச்சுக்கிடுதியளா? ஒரு தடவ ஏறிட்டு வந்துருதேன்."

"நான் பிடிக்கக் கூடாதுமா. நான் பார்க்க மட்டும்தான் வந்திருக்கேன்."

"ஆமா, எல்லாரும் அதத்தான செய்யுதாங்க" என்றாள் கோமதி. கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

சாமான்களை எடுத்துப்போகக் குறித்த கடைசி ஞாயிற்றுக்கிழமை கூடம் திருவிழாப் போல இருந்தது. லாரி வாசலிலேயே வந்து நின்றது. கோமதி மணியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்தின் பிடிகளில் இரண்டு கையும் வைத்தாள். அவ்வளவுதான், அதற்குள் கூட்டத்துக்குள் இருந்து இசக்கியம்மாள் வந்துவிட்டாள்.

"ஏட்டி, கயித்த வாயில வச்சுக்கிட்டு என்னட்டி பண்ணுத? எந்திரி. தம்பி உக்காரட்டும், நீ அப்புறம்."

"நான் இப்பதான்ம்மா உக்காந்தேன்."

"அவன் சின்னப்பையன்லா. நகரு."

ஒரு கையால் தூக்கினால் வந்துவிடுகிற எடைதான் அவளுக்கு. இசக்கியம்மாள் தூக்கி இறக்கிவிட்டாள். மணி வந்து உட்கார்ந்தான், அதாவது நாற்காலிக்கு ஒரு முழம் மேலே உட்கார்ந்தான், சக்கரத்தைத் தட்டினான், சக்கரத்தோடு தானும் கிறுகிறுவென்று சுற்றி வாந்தி வருகிறது என்றான்.

கோமதி கயிற்றை இழுத்துக்கொண்டு கடைசி அறைக்கு நடந்தாள். நிலாவுக்கு முன்னால் அவள் நிற்கவில்லை. சரஸ்வதி படத்தின் முன்னால் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். சரஸ்வதிக்கும் வீணையில் இரண்டு கையும் மாட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அவளுக்கு மிச்சம் இரண்டு உண்டு, ஒன்றில் ஓலை, ஒன்றில் மாலை, எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தாள். கோமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், போய் வியாழனில் ஏறினாள். முள் சுற்றிக்கொண்டே போனது. இறங்கினாள்.

அவள் திரும்பி நடந்து வருகிற சத்தம் முதலில் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் கூடத்தில் இருந்த கண்ணாடிகளெல்லாம் அதிர்ந்து, குழிந்த கண்ணாடியில் தலைகீழாக நின்றவர்கள் நேராகத் தெரிந்து மறுபடி தலைகீழானார்கள். அவள் வந்து, கயிற்றைத் தன் இடுப்பில் முடிச்சுப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டது. இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள், ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி.

"லே மணி, கீழ வந்து சக்கரத்தச் சுத்துலே."

மணி தலைகீழாக இறங்கி வந்து இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். "அப்ப எனக்கு?" என்றான்.

"நீ அப்புறம்."

அவள் சக்கரத்தை இடது பக்கம் சாய்த்தாள். நாற்காலி திரும்பியது. வலது பக்கம் சாய்த்தாள். மறுபக்கம் திரும்பியது. மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராக நிறுத்தினாள். நாற்காலி நின்றது. கோமதி சிரித்தாள், அவள் சிரித்து அந்தக் கூடம் பார்த்ததில்லை.

"எந்திரிட்டி" என்று இசக்கியம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். கிணற்று உறையை இழுத்த மாதிரி இருந்தது. அவள் புருஷனைக் கூப்பிட்டாள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இழுத்தார், இடுப்புப் பிடித்துக்கொண்டது. லாரியில் வந்த சுமைதூக்குகிறவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பீரோவ விடக் கனமால்லா இருக்கு" என்று பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டார்கள். வியாழனை வியாழன்தான் அசைக்க முடியும் என்று யாரோ சொல்ல, கவுன்சிலரைத் தள்ளுவண்டியோடு கொண்டுவந்தார்கள்.

இதற்குள் வேறொன்று நடந்தது. கூட்டத்தின் ஓரத்தில் கயிறு பிடித்து நின்ற ஒரு பெண் வந்து, தன் தம்பியின் கயிற்றைக் கோமதியின் நாற்காலி முதுகில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினாள், ஓடி முதலில் கண்ட பொத்தானை அமுக்கினாள். அடுத்த பெண் வந்தாள், அடுத்த பெண் வந்தாள். சித்தப்பா மகள்களும் மாமன் மகள்களும் எதிர்வீட்டுப் பெண்களும் வந்தார்கள். முடிச்சுப் போட்டார்கள், ஓடினார்கள், அமுக்கினார்கள், சுற்றினார்கள், தலைகீழாகத் தெரிந்த தங்களைப் பார்த்து நாக்கை நீட்டினார்கள், கைப்பிடியைக் கழற்றினார்கள், இரண்டு பேர் எழுதிப்போட்டிருந்ததைக்கூடப் படித்தார்கள். செவ்வாயில் ஒருத்தி ஏறி நின்று ஜாதகத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் குதித்தாள். கடைசியாக ஒரு பொடிப்பெண் வந்தாள், அவள் கயிறு குட்டை, நாற்காலிக்கு எட்டவில்லை, அழப்போகிற முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து வசுமதி எழுந்து வந்தாள். கையை நீட்டினாள். பொடிப்பெண் கயிற்றை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

கவுன்சிலர் வண்டியிலிருந்து இறக்கப்பட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியின் முதுகில் இரண்டு கையையும் வைத்து, "நகரும்மா" என்று தள்ளினார். சுழலும் நாற்காலியைத் தள்ளினால் அது நகராது, சுழலும். சுழன்றது. கட்டியிருந்த பையன்களெல்லாம் கயிற்றின் நீளத்துக்கு விரிந்து, குடை ராட்டினம் மாதிரி கூரைக்குக் கீழே சுற்றினார்கள், கனத்துக்கு மாட்டியிருந்த புத்தகப் பைகளிலிருந்து புத்தகங்கள் பூமாரியாகப் பொழிந்தன. கூட்டம் கைதட்டியது. கைதட்டுவது தனக்கு என்று நினைத்துக் கவுன்சிலர் இன்னும் வேகமாகத் தள்ளினார். நடுவில் கோமதி சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லாரி தொடுதிரைப் பெட்டிகளோடு திரும்பிப் போனது. எல்லாப் பொருளிலும் பிள்ளைகள் நிற்கிறார்கள், எடுக்க ஒன்றுமில்லை என்று வசுமதி சொல்லிவிட்டாள். அவள் பஸ் ஏறும்போது கயிறு அறுத்த தடம் உள்ளங்கையில் சிவப்பாக இருந்தது.

அன்று வீடு திரும்பும்போது பெண்பிள்ளைகள் யாரும் கயிற்றைத் திரும்ப வாங்கவில்லை. "நீங்க பிடிங்க" என்று அம்மா அப்பா கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்கள். தாய்மார்கள் ஒரு கையால் தோசை வார்த்துப் பார்த்தார்கள். தகப்பன்மார்கள் ஒரு கையால் வண்டி ஓட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில் கயிற்றோடு நின்றவர்களின் கையிலிருந்து டீ சிந்திக்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறு வருவதற்குள் இசக்கியம்மாள் தலைமையில் ஒரு கூட்டம் கூடத்துக்குள் நுழைந்தது. "மன்னிச்சுக்கோ தாயே, தோள்பட்ட வலி தாங்கல" என்று அவளே படத்தை எடுத்து, துடைத்து, சுவரில் ஆணியில் மாட்டினாள். முறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சங்கரலிங்கத்தைக்கூடக் கேட்கவில்லை. பையன்களை வரிசையாகப் பூமியில் ஏற்றி இறக்கினார்கள், ஒவ்வொருவனும் இறங்கி ஒரு அடி வைத்ததும் "ஐயோ, கனக்கு" என்று அழுதான். அவர்களுக்குப் பின்னால் கவுன்சிலரையும் ஏற்றினார்கள். சரஸ்வதி ஒன்றும் சொல்லவில்லை.

"நீயும் ஏறி இறங்கிருட்டி" என்று இசக்கியம்மாள் கோமதியிடம் சொன்னாள், முதல்முறையாகக் கொஞ்சம் தள்ளி நின்று.

"இருக்கட்டும்மா, அப்புறம் பார்த்துக்கிடலாம்" என்றாள் கோமதி.

அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அவள் தெருவில் நடந்து வந்தால் அடுக்களைகளில் கிண்ணங்கள் மெல்ல ஒன்றோடொன்று பேசும், பள்ளிக்கூடத்தில் அவள் உட்காருகிற பெஞ்சு மட்டும் கருங்கல்லில் செய்தது. போன வாரம் டவுன் பஸ்ஸுக்கு வெளியூரிலிருந்து ஒரு புதுக் கண்டக்டர் வந்திருந்தார். நல்ல கூட்டம். படிக்குப் பக்கத்துச் சீட்டில் கோமதி ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, கொஞ்சம் நகந்து உக்காரு" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸில் இருந்த எல்லாரும் பேச்சை நிறுத்தி, அந்த மனுஷனைப் பாவம் போலப் பார்த்தார்கள்.